ஆறரையும் த்ரீ நாட் எய்ட்டும்

கலாவதியின் வீட்டில் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் நாலாவது வசனத்தில் அது தோட்டாவில் போய் நிற்கும். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கார் நிறுத்த இடமில்லை என்று தொடங்கலாம், டூட்டிங் கடையில் முருங்கைக்காய் வாடிப்போய்க் கிடக்கிறது என்று தொடங்கலாம். அவளுடைய கணவர் சண்முகராசா எப்படியோ ஒரு வளைவு வளைத்து அதை வேட்டைத் துவக்கின் குழலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். பகலில் வீடு வீடாகப் போய் வெந்நீர்ப் பொயிலர் திருத்துகிற மனிதர். மற்ற நேரமெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான்: மான் வேட்டைக்கு ஆறரை நல்லதா, த்ரீ நாட் எய்ட் நல்லதா? விடையையும் அவரே வைத்திருந்தார் என்பதுதான் இதில் விசேஷம்.

"ஆறரை எண்டால் ஊசி, கலா," என்பார், சோற்றைக் குழைத்தபடி. "மெல்லிசு, நீளம். தோளிலை உதையாது, காத்திலை விலகாது, உள்ளுக்கை ஆழமாப் போகும். த்ரீ நாட் எய்ட் எண்டால் உலக்கை. சத்தம்தான் பெரிசு."

உண்மையைச் சொன்னால் இரண்டுமே நல்ல தோட்டாக்கள். ஆறரை மில்லிமீற்றர் தோட்டாவுக்கு உதை குறைவு, தூரத்தில் குறி தவறாது. த்ரீ நாட் எய்ட் பாரமான குண்டை வீசும், பெரிய ஓட்டை போடும், எந்தத் துவக்குக் கடையிலும் கிடைக்கும். சராசரித் தூரத்தில் நிற்கிற மானைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றுதான் சொல்லும். ஆனால் மானை யார் கேட்டார்கள்?

துவக்குக்குப் பொலிஸ் அனுமதி, மாடிப்படிக்குக் கீழே பூட்டுப்போட்ட இரும்புப் பெட்டி எல்லாம் முறைப்படி இருந்தன. பெட்டியைப் பார்வையிட வந்த பெண்ணுக்குக் கலாவதி உளுந்துவடை கொடுத்தாள். அவள் இரண்டாவது வடையைக் கடிப்பதற்குள் சண்முகராசா அவளிடமும் ஆறரையின் அருமை பெருமைகளை எடுத்துவிடத் தொடங்கிவிட்டார். வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனிதர், இங்கே காசு கொடுத்து வெடி வாங்குகிறாரே என்று கலாவதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாளே தவிர ஆறரையா மற்றதா என்று அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. "ஓம்" என்றும் சொன்னதில்லை, "இல்லை" என்றும் சொன்னதில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடவோ?" என்றுதான் கேட்பாள்.

அவள் வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் மாடியில், சாமித்தட்டில், பழைய விபூதி டின் ஒன்றுக்குள் கிடந்தது.

லண்டனுக்கு வரமுன் அவர்கள் நோர்வேயில் இருந்தவர்கள். ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர், ஊருக்கு ஒரே பேக்கரி, அந்தப் பேக்கரியில் இரண்டு தமிழர்கள். ஒருவர் சண்முகராசா, மற்றவர் ஸ்ரீதரன். இருவரும் ஒரே சட்டையைப் பங்கு போட்டு உடுத்தாத குறைதான். ஸ்ரீதரனின் மனைவி பிரியந்திக்கும் கலாவதிக்கும் அதற்கு மேல் ஒட்டு. அந்த ஊரில் இலையுதிர்காலம் வந்தால் எல்லாரும் எல்க் வேட்டைக்குப் போவார்கள். எல்க் என்றால் குதிரை உயரத்துக்கு நிற்கிற மான். ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று இவர்களும் பரீட்சை எழுதி, குறி பழகி, வேட்டைக் குழுவில் சேர்ந்தார்கள். சண்முகராசா ஆறரை வாங்கினார். ஸ்ரீதரன் த்ரீ நாட் எய்ட் வாங்கினார்.

ஒருநாள் பனிப்புகாருக்குள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிலைகளில் காத்திருந்தபோது, இரண்டு நிலைகளுக்கும் சரி நடுவில் ஓர் எல்க் வந்து நின்றது. நோர்வேக்காரன் என்றால் யார் முதலில் கண்டானோ அவன் சுட்டிருப்பான். இவர்கள் தமிழர்களாயிற்றே. கையில் வேறு ஆளுக்கொரு வோக்கி டோக்கி.

"மச்சான், நீ அடி," என்றார் சண்முகராசா.

"இல்லை மச்சான், நீ அடி. உன்ர பக்கம்தான் நிக்குது."

"சீச்சீ, நீதானே இன்னும் ஒண்டும் அடிக்கேல்லை. நீ அடி."

"அப்பிடியெண்டில்லை. நீ அடி."

பந்தியில் கடைசி வடையை வைத்துக்கொண்டு உபசாரம் செய்வதுபோல இந்தப் பேச்சு நீண்டது. எல்க் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அது திரும்பியதுதான் தாமதம், இரண்டு துவக்கும் ஒன்றாக வெடித்தன. எல்க் விழுந்தது. உடம்பில் ஓட்டை ஒன்றே ஒன்று.

விட்டுக்கொடுப்பதெல்லாம் விழும்வரைதான். விழுந்த பிறகு இருவரும் "என்ர குண்டு" என்றார்கள். குழுத் தலைவர் ஊலா சிரித்து, இரண்டு பேருடைய பெயரையும் போட்டு, கோப்பி ஊற்றிக் கொடுத்தார். கோப்பி முடிவதற்குள் வார்த்தை தடித்துவிட்டது. "உன்ர ஊசிக்கு எல்க் விழுமோ? முயலுக்குப் போய் அடி," என்றார் ஸ்ரீதரன். "நீ உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டெல்லோ அடிக்கிறனி," என்றார் சண்முகராசா. இரண்டும் நன்றாகத் தைத்தன. அந்த மார்கழியில் சண்முகராசாவின் மகள் கோசிகா வயதுக்கு வந்து சாமத்தியவீடு நடந்தபோது ஸ்ரீதரன் குடும்பம் வரவில்லை. ஆலாத்தி எடுக்க வேண்டிய பிரியந்தியின் இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். கலாவதி அன்று சிரித்த முகத்தோடு படங்களுக்கு நின்றுவிட்டு, மண்டபத்தின் சமையலறையில் போய் அழுதாள்.

அதற்கு முன்பே, எல்க் இறைச்சியைப் பங்கு போட்ட அன்று, இடது தோள்பகுதி இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது. சுட்ட குண்டு குடலோடு போயிருக்கும் என்று எல்லாரும் தேடாமல் விட்டுவிட்டார்கள். கலாவதி குசினி மேசையில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி எதிலோ பட்டு டிக்கென்றது. பார்த்தால் செப்பு நிறத்தில் குண்டு. தசைக்குள் புதைந்து கிடந்தது. அவள் அதைக் கழுவி, யாருடையது என்று ஆராயாமல், விபூதி டின்னுக்குள் போட்டு மூடினாள். இவருடையது என்றால் இவர் அதைக் கொண்டுபோய் ஸ்ரீதரனின் முகத்துக்கு நேரே ஆட்டுவார். அவருடையது என்றால் இவர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பார். எதுவானாலும் பிரியந்தி தனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று பயந்தாள். டின்னை மூடியும் பிரியந்தி இல்லாமல்தான் போனாள் என்பது வேறு கதை.

பன்னிரண்டு வருடம் ஓடியது. ஸ்ரீதரன் குடும்பம் முதலில் லண்டனுக்கு வந்து லூயிஷாமில் டயர் கடை போட்டது. பிறகு இவர்கள் வந்தார்கள். நகரம் பெரியது, ஒருவரையொருவர் காணாமல் காலத்தைக் கடத்தலாம் என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள். பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. லூயிஷாம் சிவன் கோயில் திருவிழாவில் கோசிகாவும் ஸ்ரீதரனின் மகன் கிருஷாந்தும் அன்னதான வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள். அதன் பிறகு கோசிகாவுக்குத் திடீரென்று பக்தி முற்றியது. கோலியர்ஸ் வுட்டிலிருந்து லூயிஷாமுக்கு இரண்டு ரயில் மாறி வெள்ளிக்கிழமை தவறாமல் போனாள். மகளுக்கு வந்த பக்தியைப் பார்த்துச் சண்முகராசா பூரித்தார். கலாவதிக்கு மட்டும் விஷயம் அப்போதே விளங்கிவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கால். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வீட்டார் போய், கலியாணத்தைப் பேசி, நாள் குறிக்க வேண்டும். பிரியந்தியே போன் எடுத்து, "வாங்கோ கலா" என்று சொல்லிவிட்டாள். சண்முகராசாதான் ஒற்றைக் காலில் நின்றார்.

"பிள்ளைக்கு நான் குறுக்கை நிக்கேல்லை. பெடியன் நல்ல பெடியன். ஆனா அந்தப் பொய்க்காரன்ர வாசற்படியை நான் மிதிக்க மாட்டன்."

"அப்பா, நீங்க வராட்டி நாங்க கவுன்சில்ல போய் ரெஜிஸ்டர் பண்ணிட்டு வாறம்," என்றாள் கோசிகா. "தாலிக்குப் பொன்னுருக்கிறதும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். எனக்கு ஓகே."

அவளுக்கு ஓகே இல்லை என்பது அவள் மூக்கு சிவந்ததிலேயே தெரிந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கலாவதி மூடிய கதவையே பார்த்தாள். ஒரே மகள். சாமத்தியவீட்டை ஒரு தோட்டா பாழாக்கியது போதாதா, கலியாணத்தையும் விழுங்க வேண்டுமா?

"நான் என்ன செய்யிறது, கலா?" என்றார் சண்முகராசா, கொஞ்சம் இறங்கிய குரலில். "அந்தக் குண்டு மட்டும் அண்டைக்குக் கையிலை ஆப்பிட்டிருந்தால் கதையே வேறை. ஒருக்கா அளந்து பார்த்தால் முடிஞ்சுது. அவன்ரை எண்டால் நான் லூயிஷாமுக்கு நடந்தே போய் மன்னிப்புக் கேட்டிருப்பன்."

கலாவதி மாடிக்குப் போனாள். திரும்பி வந்து விபூதி டின்னை மேசையில் வைத்தாள்.

"இது என்ன?"

"திறந்து பாருங்கோ. எல்க்கின்ர இடது தோளுக்குள்ளை கிடந்தது."

சண்முகராசா திறந்தார். அவர் முகம் போன போக்கைக் கலாவதியால் பார்க்க முடியவில்லை. கோபிப்பார் என்று நினைத்தாள். அவருக்குக் கோபிக்க நேரமில்லை. வாசலில் நின்ற வேலை வானுக்கு ஓடினார், குழாய் அளக்கிற கலிப்பரோடு ஓடி வந்தார். குண்டின் முன்பக்கம் காளான் போல விரிந்து கிடந்தது, அடிப்பக்கம் மட்டும் உருக்குலையாமல் இருந்தது. கலிப்பரின் வாயை அடிப்பக்கத்தில் பொருத்திவிட்டு மூச்சைப் பிடித்தார். ஆறு புள்ளி ஏழு.

"ஆறரை," என்றார். மறுபடி அளந்தார். "பேர்தான் ஆறரை, கலா. குண்டின்ர உண்மையான விட்டம் ஆறு புள்ளி ஏழு. த்ரீ நாட் எய்ட் எண்டால் கிட்டத்தட்ட எட்டு காட்டியிருக்கும். இது என்ர. என்ரதான்."

அதன்பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. குசினிக்கும் ஹோலுக்கும் நடந்தார். இரண்டு தடவை சிரித்தார். அன்றிரவு சாப்பிடும்போது ஆறரையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதுதான் கலாவதிக்கு இன்னும் பயமாக இருந்தது. கடைசியில், "ஞாயிற்றுக்கிழமை போவம். எனக்கு அந்த நீலச் சேட்டை அயன் பண்ணி வையும்," என்றார். நீலச் சேட்டில் பொக்கற் இருந்தது. அதற்குள் எது போகப்போகிறது என்று கலாவதிக்கு விளங்கியது. மகளின் கலியாணத்தைக் காப்பாற்றப் போய், கல்லெடுத்துக் கொடுத்த கதையாக்கிவிட்டோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். குண்டைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தாள். "என்னட்டை இருக்கட்டும்," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை, பலகாரத் தட்டுகள் மடியிலிருக்க, கலாவதி காருக்குள் வழி நெடுகக் கணவரின் பொக்கற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்சீற்றில் கோசிகா சேலை கசங்காமல் நிமிர்ந்து இருந்தாள். லூயிஷாமில் பிரியந்தி கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. இருவரும் தட்டை யார் வாங்குவது, எங்கே வைப்பது என்று தடுமாறி, கடைசியில் தட்டு நடுவில் நசுங்கக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லட்டு இரண்டு உடைந்தது.

ஹோலில் ஸ்ரீதரன் கதிரையில் விறைத்துப்போய் இருந்தார். "வாங்கோ" என்றார், பொதுவாக, யன்னலைப் பார்த்து. சண்முகராசா "ம்" என்றார், சுவரைப் பார்த்து. தேநீர் வந்தது. வடை வந்தது. காலநிலையைப் பற்றிப் பிரியந்தி ஏதோ சொன்னாள். அது யாருக்கும் எட்டவில்லை.

சண்முகராசா தொண்டையைச் செருமிக்கொண்டு கையைப் பொக்கற்றுக்குள் விட்டார். கலாவதி கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளையாரே, இந்த ஒரு தடவை.

"ஸ்ரீ," என்றார் சண்முகராசா. "அண்டைக்கு அந்த எல்க்."

ஸ்ரீதரனின் தாடை இறுகியது.

"அது உன்ர குண்டு. நான் அவசரப்பட்டு மேலை அடிச்சுப்போட்டன். எனக்கு அப்பவே தெரியும்."

கலாவதி கண்ணைத் திறந்தாள். கணவரின் கை பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது. குண்டை இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று துணிக்கு மேலாலேயே தெரிந்தது. அந்தக் கையை அவர் வெறுமையாக வெளியே எடுத்துத் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார்.

ஸ்ரீதரன் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "இதைச் சொல்ல இவ்வளவு காலம் வேணுமோ மச்சான்?" என்றார். மச்சான் என்ற சொல் வந்ததும் அவர் குரல் உடைந்துவிட்டது. "எல்க்கை விடு. நான் பிள்ளையின்ர சாமத்தியவீட்டுக்கு வராமல் விட்டனே, அதுதான் பிழை. வாசல்வரை வந்து காருக்கை இருந்திட்டுத் திரும்பிப் போனனான். இவளைக் கேட்டுப் பார்." பிரியந்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஸ்ரீதரன் கோசிகாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, மாமாவை மன்னிச்சுக்கொள்."

"பரவாயில்லை மாமா," என்றாள் கோசிகா. அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்ரீதரனுக்கு வாய் சும்மா இருக்குமா? மூக்கை உறிஞ்சிவிட்டு, "எண்டாலும் மச்சான், த்ரீ நாட் எய்ட் எண்டபடியால்தான் ஒரே அடியிலை விழுந்தது. இப்ப ஒத்துக்கொள்ளுறியோ?" என்றார்.

சண்முகராசாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கை மறுபடி பொக்கற்றை நோக்கிப் போனது. கலாவதி இருமினாள். கை பாதியில் நின்று, பொக்கற்றைத் தாண்டி, காதைச் சொறிந்தது.

"எல்க் உன்ரை. அதிலை கதையில்லை," என்றார், ஒவ்வொரு சொல்லாக. "ஆனா தோட்டா எண்டு வந்தால், ஸ்ரீ, நாங்கள் இருந்து கதைக்க வேணும்."

இருந்து கதைத்தார்கள். வடைத்தட்டு எல்க் ஆனது, கரண்டி ஆறரையானது, கேசரிக் கிண்ணம் காற்றின் திசையைக் காட்டியது. உதை, வேகம், பாரம், ஓட்டையின் அகலம் என்று ஒன்றையும் விடவில்லை. இந்தப் பக்கத்தில் பிரியந்தியும் கலாவதியும் பஞ்சாங்கத்தை விரித்துப் பொன்னுருக்குக்கும் கலியாணத்துக்கும் நாள் பார்த்தே முடித்துவிட்டார்கள். விவாதம் சூடேறிய ஓரிடத்தில் ஸ்ரீதரன் மகனைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ சொல்லு. மான் எண்டால் எதாலை அடிக்க வேணும்?"

கிருஷாந்த் கோசிகாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், இப்பவே சொல்லிவிடு என்பதுபோல.

"அப்பா, நான் வீகன்," என்றான். "போன வருசத்திலயிருந்து இறைச்சி, முட்டை ஒண்டும் தொடுறேல்லை."

இரண்டு வேட்டைக்காரர்களும் கரண்டியையும் கிண்ணத்தையும் கீழே வைத்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒன்றாகத் துக்கப்பட்டார்கள். "பால் தேத்தண்ணியும் இல்லையோ?" என்று சண்முகராசா மெல்லக் கேட்டார். இல்லை என்றதும் ஸ்ரீதரன் அவருடைய தோளில் தட்டி, "விடு மச்சான், இறைச்சியிலை எங்களுக்குப் பங்கு கூட," என்றார்.

தட்டில் ஒரு வடை மிஞ்சிக் கிடந்தது. "நீ எடு," என்றார் ஸ்ரீதரன். "இல்லை, நீ எடு," என்றார் சண்முகராசா. பிரியந்தி வந்து அதை இரண்டாகப் பிய்த்து ஆளுக்கொரு கையில் வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது கோசிகா வரவில்லை, கிருஷாந்தோடு பிறகு வருவதாகச் சொல்லிவிட்டாள். காருக்குள் இருவர்தான். கொஞ்சத் தூரம் போனதும் சண்முகராசா பொக்கற்றிலிருந்து குண்டை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டாள் கலாவதி.

"சொல்லத்தான் கொண்டுபோனனான். கதவைத் திறக்கேக்கை நீங்கள் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சனியள்." அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குத் தெரிஞ்சால் போதும்." பிறகு, "நீர் ஏன் இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சனீர்?" என்றார்.

"உங்களுக்குப் பயந்துதான்."

அவர் தலையாட்டினார். நியாயம்தான் என்பது போல இருந்தது அந்த ஆட்டல். கலாவதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த மனிதர் வெற்றியைக் கையில் கொடுத்தால் என்ன செய்வார் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கே கொடுத்திருந்தால் அன்றைக்கே இதைத்தான் செய்திருப்பாரோ என்னவோ. வெட்கமாக இருந்தது. அவர்மேல் கலியாணமான புதிதில் வந்ததுபோல ஓர் ஆசையும் வந்தது.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. சண்முகராசா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது.

"எண்டாலும் கலா," என்றார், யாரிடமோ மன்றாடுவதுபோல. "ஆறரைதான், என்ன?"

கலாவதி குண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள்.

"ஓம்," என்றாள். "உங்கட ஆறரைதான்."

விளக்கு பச்சையானது. சண்முகராசா அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில், பின்னால் நின்ற பஸ்காரன் இரண்டு தடவை ஹோர்ன் அடிக்க வேண்டியிருந்தது.